எலிக்கு முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கமெல்லாம் வீட்டுச் சாவிகள் என்னிடம் இருக்கின்றன. போய்க் கதவைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டு, மோட்டாரை ஓட்டிப் பார்த்து, கரண்ட் பில்லும் வீட்டு வரியும் கட்டி, விளையில், அதாவது வீட்டுத் தென்னந்தோப்பில், தேங்காய் வெட்டும் நாளில் பக்கத்தில் நின்று எண்ணி வாங்குவது வரை எல்லாம் இதில் அடக்கம். இந்த வேலைக்கு வந்த புதிதில் திருடன், கறையான், மழை ஒழுக்கு இந்த மூன்றைப் பற்றித்தான் எல்லாரும் எச்சரித்தார்கள். திருடன் இதுவரை வந்ததில்லை. எலி வராத வீட்டை நான் பார்த்ததில்லை.

"எந்த மருந்துண்ணே நல்லது?" குவைத்தானாலும் தோஹாவானாலும் வாட்ஸப்பில் வருவது இந்த ஒரே கேள்விதான். மருந்தின் பெயரைச் சொன்னால் அடுத்த நிமிஷம் பணம் வந்துவிடும். கொத்தனாரை விட்டு வேலை பார்க்கணும், இரும்பு வலை வாங்கணும், கதவுக்குத் தகடு அடிக்கணும் என்று சொன்னால் மட்டும் "அது அடுத்த லீவுக்கு வரும்போது பாக்கலாமே" என்று இழுப்பார்கள். எலிக்கு லீவெல்லாம் கிடையாது. சினையான எலி மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும், ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி, அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாமே ஈனத் தயாராகிவிடும். அடுத்த லீவு ஒன்றரை வருஷம் கழித்து என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் எலித் தொல்லை கட்டடத்தின் குறை. உள்ளே வர ஓட்டையும், தின்ன ஏதாவதும், ஒண்டிக்கொள்ள இருட்டும் இருக்கிறவரை, ஒரு வீட்டில் எத்தனை எலி வாழலாம் என்பதை அந்த வீடுதான் முடிவு செய்கிறது. பாதியைக் கொன்றால் மீதிக்குச் சாப்பாடு கூடுதலாகக் கிடைக்கும், அது இன்னும் கொழுத்துக் குட்டி போடும், வெளியே நிற்கிறதும் உள்ளே வரும், பழைய எண்ணிக்கை சீக்கிரமே திரும்பிவிடும். அதனால் எலிக்கு முதலில் கூப்பிடவேண்டிய ஆள் கொத்தனார். மருந்துக்கடைக்காரர் கடைசி ஆள், பல வீடுகளில் அவர் தேவையே படாது.

எங்கள் ஊர் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பழைய ஓட்டு வீட்டில் மரத்தட்டு இருக்கும், தட்டுக்கு மேலே தேங்காயும் பழைய பாத்திரமும் கிடக்கும், எலி அங்கேதான் குடும்பம் நடத்தும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதற்கேற்ற ஏற்பாடும் இருந்தது. பத்தாயத்துக்குக் கனத்த மூடி, அடுக்களையில் உறி, உறியில் மீன்சட்டி. கான்கிரீட் வீடு வந்ததும் எலி ஒழிந்தது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் மழை ஒழுகுகிறது, வெக்கை தாங்க முடியவில்லை என்று மொட்டைமாடிக்கு மேலே தகரக்கூரை போட ஆரம்பித்தார்கள். ஊர்ப் பேச்சில் 'ட்ரஸ்'. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம், ட்ரஸ் போட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கூரைக்கடியில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். தேங்காய், விறகு, ரப்பர் ஷீட், பழைய மெத்தை, கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் பிரிக்காமலே அட்டைப்பெட்டியில். பக்கத்தில் நிற்கும் தென்னையின் ஓலை தகரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். தாத்தா காலத்து மரத்தட்டைப் பேரன் செலவு செய்து மறுபடி கட்டியிருக்கிறான், முன்பைவிடப் பெரிதாக.

சரி, முதலில் வந்திருப்பது யார் என்று தெரியவேண்டும். எல்லாவற்றையும் எலி என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. வீட்டு எலி மேலே வாழ்கிற ஜீவன். உடம்பைவிட வால் நீளம், காது பெரிசு, தென்னையில் ஏறும், கேபிள் வயரில் நடக்கும், சொரசொரப்பான சுவரில் நேராக ஏறிவிடும். பெருச்சாளி கீழே வாழ்வது. மதில் ஓரத்திலும் செப்டிக் டேங்க் பக்கத்திலும் பொந்து தோண்டி மண்ணைக் குவியலாக வெளியே தள்ளியிருக்கும், அதற்கு மாடி ஏறுவதில் பெரிய ஆர்வமில்லை. சுண்டெலி அலமாரிக்குள்ளேயே, அரிசி டப்பாவுக்குப் பின்னாலேயே வாழ்ந்து முடித்துவிடும். மூஞ்சூறு எலி இனமே இல்லை. நீண்ட மூக்கை ஆட்டிக்கொண்டு, கிச்கிச்சென்று கத்திக்கொண்டு சுவர் ஓரமாக ஓடும் அது கரப்பானையும் பூச்சியையும் தின்கிற ஜீவன், நாற்றம் மட்டும்தான் தொந்தரவு. அதைத் திறந்த கதவு வழியே வெளியே விரட்டினால் போதும், மருந்து வைத்துக் கொல்வது வீண் பாவம்.

பார்க்காமலே கண்டுபிடிக்கப் புழுக்கை போதும். சுண்டெலியுடையது குருணை அரிசி மாதிரி, வீட்டு எலியுடையது அரை அங்குலத்துக்குக் கிட்ட, இரண்டு நுனியும் கூர்ந்திருக்கும். வழி தெரியவில்லையென்றால் ராத்திரி சுவர் ஓரங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவிவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் காலையில் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் எல்லாம் எழுதிவைத்திருக்கும். முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து, நடுவில் வால் இழுபட்ட கோடு, எந்த மூலையிலிருந்து வந்தது, எந்த ஓட்டைக்குள் போனது என்பது வரை. மைதா தூவக்கூடாது, அதையும் தின்றுவிட்டுப் போய்விடும்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மகன் வெளிநாட்டில், அம்மா மட்டும் கீழ்த்தளத்தில். ஹாலுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பொய்க்கூரை போட்டிருந்தார்கள். "ராத்திரி பூரா மேல பந்து உருட்டுது மக்களே, கண்ணடைக்க முடியல்ல" என்றார் அந்த அம்மா. மகன் சொல்லி, யாரோ வந்து எலி கேக், அதாவது கட்டியாக வரும் எலி மருந்து, வைத்துவிட்டும் போயிருந்தார்கள். நான் வழக்கமாகக் கூட்டிப்போகும் கொத்தனார் அண்ணாச்சி உள்ளே வரவே இல்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், அண்ணாந்து பார்த்துக்கொண்டே. தெற்குச் சுவரில் ஏசி குழாய் உள்ளே நுழையும் இடத்தில் நின்றார். "ஏணியைக் கொண்டா."

குழாய் இரண்டு விரல் கனம்தான், துளையோ ஒரு முஷ்டி போகும் அளவுக்கு இருந்தது. ஏசி மாட்டியவர்கள் மிச்ச இடத்தில் மஞ்சள் நுரையைப் பீய்ச்சி அடைத்திருந்தார்கள். நுரையின் அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு குடைவு, ஓரமெல்லாம் உளியால் கொத்தியதுபோல இரட்டை இரட்டையாகப் பல் தடம். அதற்குக் கீழே வெள்ளைப் பெயின்டின் மேல், சன்ஷேடிலிருந்து துளை வரைக்கும், ஒரு கறுப்புத் தடம். தொட்டால் விரலில் ஒட்டியது. தினமும் ஒரே வழியில் போய்வருவதால் எலியின் உடம்பு எண்ணெயும் அழுக்கும் சுவரில் படிந்து இப்படி ஆகும். ஒட்டினால் இப்போதும் நடமாட்டம் இருக்கிறது, காய்ந்து உதிர்ந்தால் அது பழைய வழி. சன்ஷேடுக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் மேலே கருவேப்பிலை மரத்தின் ஒரு கிளை. அண்ணாச்சி கேட்டார்: "எலியக் கொல்ல ஆள் உண்டும், கேக்கு உண்டும், எல்லாம் உண்டும். இந்த ஓட்டைய அடைக்க ஒருத்தனும் இல்லியா இந்த ஊருல?"

எந்த அளவு ஓட்டை வரைக்கும் அடைக்கணும் என்று கேட்பார்கள். சுண்டெலிக்குப் பென்சில் போகிற துளை போதும், 6 மில்லிமீட்டர். வீட்டு எலிக்குக் கட்டைவிரல் போகிற துளை போதும். மண்டை நுழைந்துவிட்டால் மற்ற உடம்பை அது நெளித்து இழுத்துக்கொள்ளும். ஆகவே பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள், அது நுழைகிற இடமெல்லாம் வேலை இருக்கிறது. ஏசி குழாய், அடுக்களை சிங்க்கின் கழிவுக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம், சிம்னி குழாயின் வெளிவாய், எக்ஸாஸ்ட் ஃபேன், பொய்க்கூரைக்கு மேலே வயர் வந்து நிற்கும் பைப்பின் திறந்த வாய், தகரக்கூரையின் ஓரத்தில் அலை அலையாக இருக்கும் இடைவெளி. எல்லாவற்றையும்விட ஒர்க் ஏரியாவின் கதவு. எங்கள் பக்கம் அடுக்களைக்குப் பின்னால் ஒர்க் ஏரியா இல்லாத வீடு இல்லை, மீன் கழுவுவதும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தோலுரிப்பதும் சக்கை (பலா) வெட்டுவதும் அங்கேதான், அதன் கதவு மட்டும் மழைத்தண்ணீரில் ஊதி, அடிப்பாகம் உதிர்ந்து, இரண்டு விரல் இடைவெளியோடு நிற்கும். முன்வாசலுக்குத் தேக்கில் யானை முகம் செதுக்கியிருப்பார்கள்.

அடைக்கிற சாமானிலும் விஷயம் இருக்கிறது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துக் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டியது அதன் தலையெழுத்து. மரம், பிளாஸ்டிக், நுரை, ரப்பர், கொசுவலை, ஈயம், மெல்லிய அலுமினியம் எதுவும் நிற்காது. வெறும் சிமென்ட் வைத்தால் அது இறுகுவதற்குள் ராத்திரியே தோண்டிவிடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை இறுக்கித் திணித்து அதன்மேல் சிமென்ட் பூசவேண்டும். பெரிய துளைக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை, கடலோரம் என்றால் துருப்பிடிக்காத ஸ்டீல் வலை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் சாதா வலை சீக்கிரமே துருவாகக் கொட்டிவிடும். கதவின் அடியில் தகடு. ரொம்பப் பெரிய செலவெல்லாம் இல்லை, எலி வயரைக் கடித்துப் பொய்க்கூரைக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆனால் ஆகிற செலவைப் பார்த்தவர்களுக்கு இது செலவாகவே தெரியாது.

பூட்டிய வீட்டுக்கென்றே ஒரு தனி வழி உண்டு. டாய்லெட். குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்குமே, கழிவுக் குழாயிலிருந்து வாடையும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆள் இல்லாத வீட்டில் பங்குனி, சித்திரை வெயிலில் அது ஆவியாகி வற்றிவிடும். பாத்ரூம் தரையில் இருக்கும் வடிகால் குழியும் அப்படியே. அப்புறம் செப்டிக் டேங்கிலிருந்து படுக்கையறை வரைக்கும் நேர் ரோடு. கரப்பான் முதலில் வரும், பின்னாலேயே எலி. ஆறு பாத்ரூம் கட்டிய வீட்டில் ஆறு வாசல். எலி நன்றாக நீந்தும் என்பதால் தண்ணீர் நின்றாலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் வறண்ட குழாய் என்பது அழைப்பிதழ் வைத்த மாதிரி. நான் போகும்போதெல்லாம் எல்லா டாய்லெட்டிலும் ஒரு வாளி ஊற்றுவது முதல் வேலை. வடிகால் குழிகளுக்குத் திருகி மூடுகிற ஸ்டீல் ஜாலி. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் மேல்நுனியில் வலை.

தென்னைக்கு வருவோம். விளையில் குரும்பையாகவும் இளநீராகவும் காம்புப் பக்கம் துளை போட்டு உதிர்ந்து கிடந்தால் எலி மரத்திலேயே குடியிருக்கிறது என்று அர்த்தம். தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வழவழப்பான தகரம் அடித்தால் அதற்குப் பிடி கிடைக்காது, ஏற முடியாது. தென்னை ஆராய்ச்சிக்காரர்கள் ரொம்பக் காலமாகச் சொல்லிவரும் யோசனை இது. ஆனால் எங்கள் விளைகளில் மரங்கள் நெருங்கி நின்று ஓலையும் ஓலையும் கைகோத்திருக்கும், ஒரு மரத்துக்குத் தகரம் அடித்தால் அடுத்த மரம் வழியாக வந்துவிடும். அதனால் வீட்டுக்குப் பக்கத்து மரம் என்றால் தகரமும் வேண்டும், கூரையைத் தொடும் ஓலையையும் வெட்டவேண்டும். எலி தாராளமாக மூன்று நாலு அடி தாவும். மரக்கிளைக்கும் கூரைக்கும் நடுவில் அதைவிடக் கூடுதல் இடைவெளி இருக்கணும். பக்கத்து விளைக்காரரின் மரம் என்றால் அது தனிக் கதை, அதற்குக் கொத்தனார் போதாது, ஊர்ப் பெரியவர்கள் வேண்டும்.

இப்போது மருந்து. கடையில் கேக் என்று தருவது பெரும்பாலும் ப்ரோமாடியோலோன், 0.005 சதவீதம். ரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து, தின்ற எலி நாலைந்து நாளில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். உடனே சாகாததால்தான் மற்ற எலிகள் சந்தேகப்படாமல் தின்கின்றன. "இதைத் தின்னா தண்ணி தேடி வெளிய போய்ச் சாவும்" என்று கடைக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். உடம்பு முடியாமல் போனால் எந்த ஜீவனும் தன் பொந்துக்குத்தான் போகும். எலியின் பொந்து உங்கள் பொய்க்கூரைக்கு மேலே, இல்லையென்றால் ஃபிரிட்ஜின் மோட்டாருக்குப் பக்கத்தில். தக்கலை அம்மாவின் வீட்டில் நடந்தது அதுதான். பொய்க்கூரையில் நாலு இடத்தில் சதுரமாக வெட்டித்தான் செத்ததை எடுத்தோம், வாடை போக வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த அம்மா அதுவரை மகள் வீட்டில் போய் இருந்தார்கள்.

இதே ரகத்தில் பழைய மருந்து வார்ஃபரின். அதை எலி மருந்தாகக் கொண்டுவந்தது 1948இல். பத்தே வருஷத்தில், 1958இல், ஸ்காட்லாந்தில் அதைத் தின்றும் சாகாத எலிகளைக் கண்டுபிடித்தார்கள். வீரியம் கூடிய புது மருந்துகள் வந்ததற்கு அது ஒரு காரணம். வீரியம் கூடியதால் வேறு ஒரு தொல்லை: மருந்து தின்ற எலியைப் பிடித்த பூனைக்கும் கூகைக்கும் அது ஏறும். ராத்திரி விளையில் வந்து உட்காரும் கூகை சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கிறது, சாரைப்பாம்பும் அப்படித்தான். அதைப் பார்த்ததும் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், எலிக்கு மருந்து தேடிக் கடைக்கு ஓடுவதும் அதே ஆள்தான் என்பதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

பற்பசை மாதிரிக் குழலில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. எங்காவது பழைய சரக்கு என்று தந்தாலும் வாங்கி வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், கல்லீரலைக் கொல்லும், மாற்றுமருந்து கிடையாது. காற்றாகப் பரவும் மருந்துகள் அதைவிடப் பயங்கரம். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில் ஏசி போட்டுப் படுத்த குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியைப் படித்திருப்பீர்கள். அதற்கப்புறம் ஆள் படுக்கும் வீட்டுக்குள் பொடி, மாத்திரை என்று யார் வந்தாலும் நான் உள்ளே விடுவதில்லை. கேக்கே வைத்தாலும் பூட்டுப்போட்ட பெட்டிக்குள், வீட்டுக்கு வெளியே, மதில் ஓரத்தில். எந்த மருந்தானாலும் அதன் அட்டையைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கணும். குழந்தையோ வீட்டு நாயோ தின்றுவிட்டால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், ப்ரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே என்று வைத்தியம் இருக்கிறது, ஆனால் என்ன தின்றது என்று தெரிந்தால்தான்.

ஓட்டையெல்லாம் அடைத்தபிறகு உள்ளே மாட்டிக்கொண்ட எலிகளுக்குப் பொறி. இங்கே ஆண்டாண்டு காலமாகப் பயன்படும் அடிபொறியும் கூண்டும் போதும், ஆனால் பொறுமை வேண்டும். வீட்டு எலி புதுச் சாமானை நம்பாது. நேற்று இல்லாத ஒரு பொருள் இன்று வழியில் கிடந்தால் சில நாள் சுற்றிப் போகும். அதனால் முதல் சில நாள் பொறியை வைக்கணும், இரையும் வைக்கணும், விசையை மட்டும் ஏற்றக்கூடாது. தின்று பழகட்டும். அப்புறம் ஒரே ராத்திரியில் எல்லாப் பொறியையும் ஏற்றணும். ஒன்றிரண்டு பொறியை வைத்துக்கொண்டு நாளுக்கொன்றாகப் பிடிப்பது வேலைக்கு ஆகாது, மிச்சமுள்ளவை உஷாராகிவிடும். சுவரை ஒட்டி, இரை இருக்கும் முனை சுவரைப் பார்த்திருக்கும்படி வைக்கணும், ஏனென்றால் எலி அறையின் நடுவில் நடக்காது, மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே போகும். இரை என்ன வைப்பது என்பதில் ஆளுக்கொரு கட்சி. தோசைக்கட்சி, ரசவடைக்கட்சி எல்லாம் உண்டு. என் ஓட்டு சுட்ட தேங்காய்ச் சில்லுக்கு, நெத்திலிக் கருவாட்டை நூலால் கட்டிவைப்பதும் தோற்றதில்லை. சுண்டெலி நேர் எதிர், புதுசு எதைப் பார்த்தாலும் போய் மோந்து பார்க்கும், முதல் ராத்திரியே விழும்.

பசை அட்டையை மட்டும் நான் தொடுவதில்லை. ராத்திரி முழுக்க உயிரோடு ஒட்டிக்கொண்டு கத்தும், பல்லி, ஓணான், சில நேரம் குருவிக்குஞ்சு வரைக்கும் மாட்டும், பல மாநிலங்கள் தடையும் போட்டிருக்கின்றன. பிளக்கில் மாட்டினால் எலி ஓடிவிடும் என்று விற்கும் ஒலிக்கருவி வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் தவறாமல் இருக்கும். 2001லேயே அமெரிக்காவின் வணிக ஆணையம் இப்படிக் கருவி விற்கும் அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு, இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று எச்சரித்துக் கடிதம் போட்டிருக்கிறது. ஒரு வீட்டில் அந்தக் கருவியின் வயரையே கடித்திருந்தது. கூண்டில் பிடித்ததை ஆற்றுப்பாலம் வரைக்கும் கொண்டுபோய் விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலத்துக்கு அந்தப் பக்கமும் வீடுகள் இருக்கின்றன, அவர்களும் கூண்டோடு இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கலாம்.

தனி வீடாவது பரவாயில்லை. நகரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்று வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. கீழே கடைகள், அதில் ஒன்று சாப்பாட்டுக்கடை. எலிப் பிரச்சினைக்கு ஒரு கூட்டம் போட்டார்கள், நானும் போனேன். மூன்றாவது மாடிக்காரர் கீழே இருக்கும் கடைதான் காரணம் என்றார். கடைக்காரர், மேலேயிருந்து மீன் கழிவை ஜன்னல் வழியே எறிகிறீர்கள் என்றார். சைவக் குடும்பத்துக்காரர் பொதுவாக மீன் தின்பவர்கள் மேலேயே பழியைப் போட்டார். எலி சைவமும் தின்னும் சார் என்று யாரோ சொல்ல, கூட்டம் அதோடு கலைந்தது. உண்மையில் காரணம் எல்லா மாடிக்கும் பொதுவாகக் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட். அடியில் மூடி இல்லை, ஒவ்வொரு மாடியிலும் குழாயைச் சுற்றி ஓட்டை. ஒருவர் மட்டும் தன் வீட்டில் மருந்து வைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பி வரும். கடைசியில் ஷாஃப்டின் அடியில் வலைக்கதவு, மாடிக்கு மாடி அடைப்பு, குப்பைக்கு மூடியுள்ள டிரம் என்று வேலை நடந்தது. கடைக்காரர்தான் முதலில் பணம் எடுத்து வைத்தார், அதைச் சொல்லியே ஆகணும். சைவக்காரர் தன் பங்கை இன்னும் தரவில்லை.

சுத்தம் செய்யும்போது கவனம். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் துடைப்பத்தை எடுத்து எலிப்புழுக்கையைக் காய்ந்தபடியே கூட்டக்கூடாது, தூசி மூக்கில் ஏறும். ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் விட்டுவிட்டு, பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் துடைத்து எடுக்கணும். எலிக்காய்ச்சல் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் ஈரமண்ணும் காலில் உள்ள சின்னப் புண் வழியாக நோயைக் கொண்டுவரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் இது பரவி, சுத்தம் செய்யப் போனவர்களுக்கெல்லாம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது எல்லையில் இருக்கும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2021 நவம்பரில் எங்கள் மாவட்டத்திலேயே வெள்ளம் புகுந்தபோது கம்பூட்ஸ் இல்லாமல் யாரையும் நான் வேலைக்கு இறக்கவில்லை. காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவப்பு என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போய், எலி நடமாடிய இடத்தைச் சுத்தம் செய்தேன் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கிணற்று வலையும் மேல்தொட்டி மூடியும் சரியாக இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடலாம், தொட்டியில் எலி செத்து மிதந்த தண்ணீரில் பல் தேய்த்த வீடுகள் உண்டு.

நாஞ்சில் நாட்டு வயல் ஓரங்களில் வீடு இருந்தால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல் அறுப்பு ஒவ்வொன்றும் முடிந்ததும் கூடுதலாக ஒருமுறை சுற்றிப் பார்க்கணும். வயலில் தின்ன ஒன்றுமில்லாமல் போனதும் வரப்பில் இருந்ததெல்லாம் பக்கத்துக் கட்டடத்தைத் தேடும். ஓட்டை அடைப்பை அறுப்புக்கு முன்னால் முடித்துவிட்டால் மதிலுக்கு வெளியேயே நின்றுவிடும்.

லீவு முடிந்து கிளம்புகிறவர்களுக்கு. அரிசி, பருப்பு, கருப்பட்டி, ஏத்தங்காய் வற்றல், நாய் பிஸ்கெட் எதுவும் வீட்டில் வேண்டாம், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். சோப்பையும் மெழுகுவர்த்தியையும் எலி தின்னும் என்பதால் அதையும். ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, சுவரிலிருந்து நகர்த்திவிடுங்கள். கார் இருந்தால் பானட்டைத் திறந்துவைப்பது நல்லது, இருட்டும் கதகதப்பும் இல்லையென்றால் அங்கே கூடு கட்ட யோசிக்கும். ட்ரஸ்ஸுக்கு அடியில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளை இந்த முறையாவது பிரித்துப் பாருங்கள். கடைசியாக எல்லா டாய்லெட்டிலும் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றினால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. சமையல் எண்ணெய் வேண்டாம், அந்த வாசனைக்கே ஆள் வந்துவிடும். மூடியைச் சாத்தி மேலே ஒரு செங்கல். சாவியைத் தரும்போது கொத்தனாரின் கூலியையும் சேர்த்துத் தந்துவிட்டால் மருந்துக்குத் தனியாக அனுப்பவேண்டியிருக்காது.